சூப்பும் நூடில்ஸும் தனித்தனியாக

எனக்கு எழுதத் தெரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த ஆஸ்பத்திரியில் நின்றவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ஆக்லாந்து நகரின் நடுவே ஒரு சீனக் குடும்பத்தின் வொன்டன் நூடில்ஸ் கடையில் கிண்ணம் கழுவினேன். முதலாளியின் தகப்பன் தொடங்கிய கடை அது. முதலாளி நூடில்ஸ் அவிப்பார். அவர் மனைவி இறாலையும் பன்றி இறைச்சியையும் மெல்லிய மாவுத் தாளில் பொதிந்து வொன்டன் செய்வார். கிண்ணத்தில் முதலில் கரண்டி, அதன்மேல் வொன்டன், எல்லாவற்றுக்கும் மேலே நூடில்ஸ். சூப் அதை மூழ்கடிக்கக் கூடாது, ஊறிவிடும். அதனாலேயே முதலாளி யாருக்கும் பார்சல் கட்டிக்கொடுக்க மாட்டார்.

"இருந்து சாப்பிடுங்கோ. இல்லாட்டிப் பக்கத்தில பிஷ் அன்ட் சிப்ஸ் இருக்கு, அதைக் கொண்டு போங்கோ" என்பார்.

எங்களுக்குள் உடைந்த இங்கிலீசுதான். அதை என் பேச்சில் எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளியின் மனைவிக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கொஞ்ச நாளில் டாக்டரும் கைவிட்டார். விரும்பியதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மனைவி தொடவில்லை. கடை நூடில்ஸ் ஒரு கிண்ணம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அவர்களுடைய மகள் கடைக்கு வந்து நின்றாள்.

"டாட், ஒரு பெட்டியில ஊத்தித் தாங்கோ. பத்து நிமிசத்தில கொண்டுபோயிடுவன்."

"பத்து நிமிசத்தில அது கஞ்சி. கொம்மா கஞ்சியோ கேட்டவ?"

"அம்மாக்கு ஏதோ உள்ள போனாக் காணும்."

"உனக்கு அவவைத் தெரியாது. கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர நூடில்ஸுக்குக் குறை சொல்லுற ஆள்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றினார். நூடில்ஸை அவிக்காமல் துணியில் சுற்றினார். கிண்ணமும் கரண்டியும் என் கையில்.

"உப்புப் பார், பிள்ளை."

"இண்டைக்கு வெள்ளி, முதலாளி. நான் மச்சம், இறைச்சி தொடுறேல்லை."

"வெள்ளிக்கிழமையில உன்ர நாக்குக்கும் லீவோ?"

அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியின் தேத்தண்ணி அறையில் அடுப்பு இல்லை. தண்ணீர் சுடவைக்கும் மின்சார ஜக் ஒன்றுதான் இருந்தது. அவர் ஜக்கைப் பார்த்தபடி நின்றார். பிறகு சுடுதண்ணீரை நூடில்ஸ் மேல் ஊற்றினார், வடித்தார், திரும்ப ஊற்றினார். பெரிய பானையில் கொதித்தால்தான் மாவில் சேர்த்த சோடாவின் மணம் போகும். இது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

சூப் மணம் மனைவியின் அறைவரை போயிருக்க வேண்டும். அவர் நர்சைக் கூப்பிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். மகள் ஓடி வந்தாள்.

"அந்தக் கிழவன் அங்க என்ன செய்யிறார் எண்டு கேக்கிறா."

முதலாளி ஒரு இழையை எடுத்துக் கடித்தார்.

"காணும் முதலாளி, குடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நூடில்ஸ் முழுவதையும் தொட்டியில் கொட்டினார்.

"டாட்!"

"இது அவ கேட்டது இல்லை. நாளைக்குக் காஸ் அடுப்பும் பானையும் கொண்டு வாறன்."

சூப்பை மட்டும் கொடுத்தோம். மனைவி இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது தரம் கரண்டியைக் கிண்ணத்தின் அடிவரை விட்டுத் தேடினார். பிறகு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்:

"உப்புக் கூடவாம்."

முதலாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கள் பாஷையில் அடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பானை எவ்வளவு பெரிது என்று கைகளை விரித்துக் காட்டினார். மனைவி கண்ணை மூடியிருந்தார்.

மறுநாள் விடியுமுன் மனைவி இறந்துவிட்டார். அடுப்பும் பானையும் முதலாளியின் காரில் இருந்தன. அன்று கடை திறக்கவில்லை.