தெற்கே பார்த்த தகடு

யுத்தம் முடிந்த கையோடு, வாவிக்கு மேற்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஊருக்கு இன்னும் மின்கம்பி வரவில்லை. மாலை வகுப்புக்கென்று யாரோ ஒரு சூரியத் தகடும் பற்றரியும் பல்பும் தந்தார்கள். மாணவி ஒருத்தியின் தகப்பன் கூரையில் ஏறி, தகட்டை நன்றாகச் சரித்துக் கிழக்கே பார்க்கப் பூட்டினார். மத்தியானம் திரும்பினால் அதில் வெயில் சரியாக விழாது. பொழுதுபட்டுப் பாடம் தொடங்கியதுமே பல்பு மங்கிவிடும்.

தகட்டை லேசாகத் தெற்கே சரிக்கச் சொல்லி அவரை மறுபடி கூரையில் ஏற்றினேன்.

"விளக்கைத் தெற்க பார்க்க வைக்கப்படாது டீச்சர். அது எமன்ட திசை," என்றார் மேலே இருந்தபடி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வெயில் மின்சாரமாகிறதை ஒரு கிழமையாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியவள் நான். அவருக்கும் ஒரு பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, அது விளக்கில்ல. விளக்கு வகுப்புக்குள்ள இரிக்கி. பற்றரிதான் எண்ணெய்ப் போத்தல். நீங்க பூட்டுறது எண்ணெய் ஊத்துற புனல்."

அவர் என்னைப் பார்த்தார். "மெய்தானா டீச்சர்?"

"ஓம்," என்றேன். என் படங்களில் ஒன்றுகூட அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

தகட்டைத் தெற்கே திருப்பினார். பிறகு இறங்கி வகுப்புக்குள் போய், பல்பைக் கழற்றி, கிழக்கே பார்க்கும்படி மேற்குச் சுவரில் மாட்டினார். நான் மறுக்கவில்லை. பல்பு எந்தத் திசை பார்த்தாலும் எரியும்.