காரைக் குளிப்பாட்டிய மார்கழி

எங்கள் அப்பாவுக்கு ஒரு காரியம் தெரியவில்லை என்றால், அது உலகத்துக்கே தேவையில்லாத காரியம் என்று அர்த்தம். இந்த நம்பிக்கையை அவர் எங்களுக்கும் ஊட்டித்தான் வளர்த்தார். ஒன்பது வயது வரை நானும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

அந்த மார்கழியில் நாங்கள் மாஞ்சோலைக்குப் போனது அத்தையை அழைத்துவர. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷமாகத் தற்காலிக டீச்சர். அவளுக்கு நிரந்தர வேலை ஆர்டர் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தது. அது ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது, களக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர ஒரே நாள்தான் மிச்சம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா ஆர்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு உடனே மலை ஏறினார்.

அந்தப் பழைய காரை அப்பா பிள்ளை மாதிரி வளர்த்தார். தினமும் சாயங்காலம் குளிப்பாட்டி, முன்பக்கம் மூன்று விரலால் திருநீறு பூசுவார். மாஞ்சோலையில் பல் கிட்டுகிற குளிரிலும் வழக்கத்தை விடவில்லை. சேறு ஏறியிருந்ததால் சக்கரங்களுக்கு மட்டும் தனியாக நாலு வாளித் தண்ணீர். பிறகு காரை அத்தையின் வீட்டு வாசல் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பூட்டினார். திருநெல்வேலியில் அதை அவர் தொட்டதே கிடையாது. “மலைன்னா இதப் போடணும்” என்று எங்களுக்குப் பாடம் வேறு நடத்தினார்.

காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடந்தது. கார் கண்ணாடி முழுக்கப் பனி. அப்பா ஹேண்ட் பிரேக்கை இறக்கி வண்டியைக் கிளப்பினார். என்ஜின் உறுமியது, பின்சக்கரம் மட்டும் அசையவே இல்லை. முதல் பஸ் விடியும்போதே போய்விட்டிருந்தது. அடுத்தது மத்தியானம்தான். அத்தை புதுச் சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நாலு பேர் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் தேயிலை லாரி ஓட்டுகிற டிரைவர் ஒருவர் சுத்தியலோடு வந்து, சக்கரத்துக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

“ராத்திரி இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களோ?”

“குளிப்பாட்டுனேன்” என்றார் அப்பா.

“நல்லா இருக்கு! மார்கழிக் குளிர்ல குளிப்பாட்டி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பூட்டுனா பிரேக்கு உள்ளயே சக்கரத்தோட ஒட்டிக்கிடாம என்ன செய்யும்? இங்கன நாங்க யாரும் அதப் போட மாட்டோம் அண்ணாச்சி. கியர்ல நிறுத்திட்டு, டயருக்கு அடியில கட்டையக் குடுத்துருவோம்.”

அவர் தட்டித் தட்டி ஒரு சக்கரத்தை விடுவித்தார். இன்னொன்று மசியவில்லை. காருக்கு அடியில் படுத்து எதையோ தளர்த்திவிட்டு வெளியே வந்தார். “சக்கரம் சுத்தும். ஆனா பின்னால பிரேக் சுத்தமாப் பிடிக்காது. முன்னால உள்ளத வச்சு ஒண்ணாம் கியர்லயே பைய எறங்கணும். இல்லன்னா சாயங்காலம் எங்க லாரியில வாங்க.”

“சாயங்காலம் வேலை இருக்காதே” என்றாள் அத்தை. “போயிருவோம்ணே.”

“நானும் பிள்ளையும் பஸ்ல வாறோமே” என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

“ஏன், என் மேல நம்பிக்கை இல்லையோ?” என்றார் அப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசுவது வழக்கமில்லை.

டிரைவர் டயருக்குக் கொடுக்கிற மரக்கட்டை ஒன்றை அத்தையிடம் கொடுத்து, காதில் ஏதோ சொன்னார். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து, புதுச் சேலை மடியில் மண் அப்பிய அந்தக் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “அது எதுக்கு அத்தை?” என்று கேட்டேன். “இதுதான்டி உங்க அப்பாவோட தைரியம்” என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார்.

இறக்கம் முழுக்க அப்பா பேசிக்கொண்டே வந்தார். கார் மாட்டுவண்டி வேகத்தில் முனகிக்கொண்டு போனது. எனக்கு ஒரே ஒரு ஆசைதான், மேலிருந்து மணிமுத்தாறு அணையைப் பார்க்க வேண்டும். ஏறும்போது தூங்கிவிட்டேன். இப்போது அம்மா பார்க்க விடவில்லை. பள்ளம் என் பக்கம் வந்த உடனே என்னை மடிமேல் இழுத்து மறுபக்கம் போட்டுவிட்டு, என் இடத்தில் தான் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பள்ளம் அந்தப் பக்கம் வந்தால், மறுபடி என்னை இந்தப் பக்கம் தள்ளுவாள். எனக்குக் கிடைத்ததெல்லாம் மலைச்சுவரும் புல்லும்தான். போதாததற்கு ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்க, இன்னொரு கை என் பக்கத்துக் கதவைத் திறக்கப் போகிற மாதிரி கைப்பிடியிலேயே இருந்தது. அந்தக் கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தேன். எடுக்கவில்லை.

அத்தை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள். சேலையில் மண்ணோடு அழுதாள், சிரித்தாள். அப்பா அதற்குள் பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கு, குளிர் காலத்தில் பிரேக்கை எப்படிப் பராமரிப்பது என்று விளக்க ஆரம்பித்திருந்தார்.

அம்மா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை.

“அணை எப்படிம்மா இருந்துச்சு? தண்ணி நெறயக் கெடந்துச்சா?”

அம்மா கசங்கிப் போயிருந்த என் சட்டையை நீவிவிட்டாள். “நான் பாக்கலியேடி” என்றாள்.

வழியெல்லாம் என் இடத்தைப் பிடுங்கி உட்கார்ந்துவிட்டு, பார்க்கக்கூட இல்லையாம். அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.