துருவுக்கு எண்ணெய்

என் கணவர் எரியோட்டில் பம்புசெட் மெக்கானிக். சென்ற ஆண்டு கை நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்றார் திண்டுக்கல் டாக்டர். எங்களுக்குப் புரியட்டும் என்று, "மூளையில சில செல்லுங்க துருப்பிடிக்கிற மாதிரி கெட்டுப்போகுது" என்று விளக்கினார். ஒரு மாத்திரையும், கூடவே வைட்டமின் ஈ கேப்சூலும் எழுதித் தந்தார்.

கேப்சூலுக்குள் எண்ணெய் இருப்பதை இவர் பார்த்துவிட்டார். குமட்டுகிறது என்று மாத்திரையை எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டு, கேப்சூலை மட்டும் விழுங்கியிருக்கிறார்.

இரண்டே வாரம். பஸ் ஸ்டாண்டில், எஸ்.டி.டி. பூத் எதிரே நடுரோட்டில் கால் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிட்டார். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தார்.

கேட்டால், "துருவுக்கு எண்ணெய் விட்டாப் போதும்ல?" என்கிறார்!

"துரு தின்ன போல்ட்டு எண்ணெய் விட்டா மறுபடி வளருமா?" என்று கத்தினேன்.

மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். இவரை நடக்கவைத்தது மாத்திரைதானாம். கேப்சூலால் பலன் உண்டா என்பதே நிச்சயமில்லையாம். டாக்டர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு மருந்தையும் டாக்டர் மேசையில் வைத்து, "இத நிறுத்தினா என்னாகும்?" என்று கேட்கிறேன். அந்தப் பதிலை இவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுகிறேன்.