முத்துமாரி வேலை கேட்டுப் போகிற விதம்

என் தங்கை முத்துமாரிக்கு முப்பத்து நாலு வயது. மற்றவர்களுக்காக வேலை கேட்டுப் போவதுதான் அவள் வேலை. சயான் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் இருக்கிறாள். சிறுநீரகம் பழுதானவர்கள், வலிப்பு உள்ளவர்கள், முடக்குவாதக்காரர்கள் என்று நாள்பட்ட நோயோடு இருப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். நான் எட்டாவதோடு நின்று தாராவியில் தோல்பை வெட்டப் போனவன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. இதை நான் இரண்டு தடவை சொன்னால் "போதும்ணே" என்பாள். ஆகவே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன்.

வருகிறவரின் ஒரு வாரத்தை முதலில் தாளில் கட்டம் போட்டு எழுதுவாள். எந்த நாள் மருத்துவமனை, எந்த நேரம் சோர்வு, எந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்த வேலை நடக்கிற இடத்தில் ஒரு பகல் உட்கார்ந்து பார்ப்பாள். அதற்கப்புறம்தான் முதலாளியிடம் போவாள்.

வேல்ராஜ், மன்சூர் அலி பாயின் தோல்பைக் கார்கானாவில் பதினோரு வருடம் பை தைத்தவர். போன வருடம் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. நோய் என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று சொல்லி லீவு எடுத்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான், நானும் சொல்லியிருக்கிறேன். கடைசியில் சொல்லக் கொடை மிச்சமில்லாமல், போகாமலே நின்றுவிட்டார். ஐந்து மாதம். அவர் மனைவி மாலதிதான் முத்துமாரியிடம் வந்தாள்.

"பக்கத்துல மெஷின் சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்திருதாவ அக்கா" என்றாள்.

பை தைப்பதைப் பார்க்க என் பட்டறையிலேயே ஒரு பகல் உட்கார்ந்தாள் என் தங்கை. திங்கட்கிழமை வேல்ராஜைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் மன்சூர் அலி பாயைப் பார்க்கப் போனோம்.

"வால வேல்ராஜு. கொடையெல்லாம் முடிஞ்சிட்டா?" என்றார் பாய். "ஐப்பசி மழையில எந்தச் சாமிக்குக் கொடை குடுத்திய? நானும் மேலப்பாளையத்துக்காரன்தான், எனக்குத் தெரியாதா?"

தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முத்துமாரி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

"பொய் சொல்லிட்டேன் பாய்." வேல்ராஜ் சட்டைக் கையை மடித்து, இடது கையில் புடைத்திருந்த நரம்பைக் காட்டினார். "இதுல ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதாவ."

சிரிப்பு நின்றது.

"பதினோரு வருசம் ஒண்ணா உக்காந்து சோறு தின்னுருக்கோம். என்கிட்ட சொல்லணும்னு தோணலையால?"

"வேண்டாம்னுருவியளோன்னு பயம்."

"பாவம்னு ஆளைச் சேர்க்க முடியாதும்மா" என்று பாய் முத்துமாரி பக்கம் திரும்பினார். "ஆர்டர் இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வராதவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"பாவம்னு நானும் கேக்கல பாய்." அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். "செவ்வாய், சனியா இருந்ததை ஆஸ்பத்திரியில கேட்டு செவ்வாய், வெள்ளியா மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமை உங்க கார்கானாவே லீவு. விட்டுப்போறது செவ்வாய் ஒரு நாள்தான். மறுநாள் அசதியா இருக்கும், அதனால புதனும் சனியும் பதினோரு மணிக்கு வருவாரு. தோல் கட்டுகளை மட்டும் வேற யாராச்சும் தூக்கி வைக்கணும்."

பாய் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு மாசம் கைப்பிடி தைக்கட்டும். முழுப்பை அப்புறம் பார்ப்போம்."

கைப்பிடி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருக்கு முழுப்பை தைக்கக் கற்றுக்கொடுத்தவர் வேல்ராஜ். நான் முத்துமாரியைப் பார்த்தேன். பதில் வேல்ராஜுடையது என்பதுபோல் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

வேல்ராஜ் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"எந்த மெஷின் பாய்?"

பாய் மூலையைக் காட்டினார். வேல்ராஜ் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். இரண்டு தடவை தப்பி, மூன்றாம் தடவை நுழைந்தது.

"கெளம்புவோம்ணே. நின்னு பார்த்தா அவியளுக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள் முத்துமாரி.

எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஆசைதான். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். பதினொன்றரைக்குச் செம்பூரில் இன்னொரு முதலாளியைப் பார்க்க வேண்டியிருந்தது.