நின்ற இடத்தில் போட்ட கையெழுத்து

சங்கரன்கோவில் பக்கம் ஒரு நூற்பு ஆலையில் எட்டு வருடமாக எலெக்ட்ரீசியனாக இருந்தேன். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். போன வருடம் நான் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் தாளை நீட்டினார்.

"அண்ணாச்சி, இனிமே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. டி.டி.எஸ். வரி மட்டுந்தான். கையில கூட வரும்."

கூட வரும் என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கிரீஸைத் துடைத்துவிட்டு நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் என் மனைவி, "அதை எதுக்கு நிறுத்துதாங்க? ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். "உனக்கு என்னட்டி தெரியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

நான்காம் மாதம், ஓடுகிற பெல்ட்டில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் போயின. ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் என் எண்ணைப் பார்த்தவர், நான் வேலையை விட்டு நின்றுவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றார். விபத்து நடந்த அன்று காலைகூட அந்த விரல்களில் ஒன்றை வருகைப்பதிவு மெஷினில் வைத்துத்தான் ஆலைக்குள் போனேன்.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் என் கையில் இருந்த கட்டைப் பார்க்காமலே பேசினார்.

"நீங்க இப்ப தொழிலாளி இல்லையே அண்ணாச்சி. வரிக்கணக்குல கான்ட்ராக்டர். அடிபட்டா உங்க பொறுப்புன்னு அந்தத் தாள்லயே போட்டிருக்கு."

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறேன். இப்போது எந்தத் தாள் வந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். என் மனைவி வரி வரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. அதையும் இடது கையால்தான் போடுகிறேன்.