பன்னிரண்டு மீட்டர் பட்டமும் ஒரு தகரத் தடுப்பும்

முதல் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, நான் வாங்கியதை வாங்காதீர்கள் என்பதுதான்.

பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் பாயும் கைட் சர்ஃபிங்கை ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன். ராமேஸ்வரம் பக்கம் பயிற்சி தருபவர் போனில் தெளிவாகச் சொன்னார்: "சார், இங்க வர்ற வரைக்கும் பெருசா எதுவும் வாங்காதீங்க. கை அரிச்சா, சின்ன ட்ரெய்னர் பட்டம் ஒண்ணு வாங்கிப் பழகுங்க. மத்தது உங்க வெயிட்டையும் காத்தையும் பார்த்துட்டு நான் சொல்றேன்."

யாரிடம் சொல்கிறார்? நான் வங்காளத்துக் காளிகாட் மொட்டைமாடிகளில் வளர்ந்தவன். விஸ்வகர்மா பூஜையன்று அங்கே வானம் முழுக்கப் பட்டச் சண்டை. ஒருவன் நூல் அறுந்தால் மாடிக்கு மாடி 'போகாட்டா' என்று ஊளையிடுவார்கள். நூலைத் தளர விட்டு அறுக்கிறவர்கள் ஒரு ரகம். வெடுக்கென்று இழுத்து அறுக்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இழுப்பவன். நூலை விடுகிறவனை நாங்கள் ஆளாகவே மதித்ததில்லை.

ஆகவே யாரோ பயன்படுத்திய பன்னிரண்டு சதுர மீட்டர் பட்டம் ஒன்றை வாங்கினேன். பெரிய உடம்புக்குப் பெரிய பட்டம் என்பது என் கணக்கு. காற்று பலமாக இருந்தால் சிறிய பட்டம்தான் வேண்டும் என்ற மீதிக் கணக்கைப் போடவில்லை.

இப்போதும் வங்காளத்தில்தான், நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே, நாணல் பூத்த காலி மனை. பம்பால் காற்றடித்து, இடுப்பில் பட்டையைக் கட்டி, அதன் கொக்கியில் பட்டத்தின் நூல்கள் சேரும் கைப்பிடியை மாட்டினேன். பட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "உங்க இன்சூரன்ஸ் பேப்பர் எந்த அலமாரில இருக்கு?"

"விடு, பார்த்துக்கலாம்" என்றேன். அவள் பட்டத்தை விட்டாள்.

கட்டடங்களுக்கு நடுவே சுழன்று வந்த காற்று பட்டத்தை ஒரு பக்கமாகத் தூக்கியது. பயத்தில் கைப்பிடியை நெஞ்சோடு இழுத்தேன். இந்தப் பட்டத்தில் இழுத்தால் வேகம் கூடும், விட்டால் அடங்கும். இது எனக்கு நன்றாகவே தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறேன். கைகளுக்குத்தான் தெரியவில்லை. நாணலை உழுதுகொண்டே போய், பக்கத்து மனையின் தகரத் தடுப்பில் பல்லிபோல ஒட்டிக்கொண்டேன்.

பட்டம் தடுப்புக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். நடுவில் விறைத்த நூல்கள். காற்று வீசும்போதெல்லாம் அது புடைத்து என்னை நுனிக்காலில் நிறுத்தியது. அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்காகக் கம்பிகள் நட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் காற்று வந்தால் தடுப்பைத் தாண்டி அவற்றின்மேல்தான் இறங்குவேன். முன்னே தகரம், இடுப்பில் கொக்கி. பின்னால் போகலாமென்றால் குதிகால் தரையில் இல்லை.

பால்கனிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது மாடி வங்காளி அண்ணன், அவர்கள் மொழியில் 'தாதா', லுங்கியோடு நின்று, நூலை விடச் சொல்லிக் கத்தினார்: "டீல் தாவ் தாதா, டீல் தாவ்."

"அவர் சொல்றதையாவது கேளுங்களேன்" என்றாள் மனைவி, ஓடிவந்து என் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கியபடி.

"முடியலடி."

"கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல. எல்லாரும் பார்க்கிறாங்க."

"மேல போய்க் கம்பில குத்திக்கிட்டு நிக்கறதையும் பார்ப்பாங்க."

இடுப்புக் கொக்கியருகே சிவப்புப் பிடி ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் பட்டம் விடுபட்டு, ஒற்றை நூலில் செத்து விழும். வாங்குமுன் நிறத்தைப் பார்க்காதீர்கள், அளவைக்கூட அப்புறம் பாருங்கள். முதலில் அந்தப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை தள்ளிப் பழகுங்கள். நான் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. வாங்கிய அன்று அதைத் தொட்டபோதே தோற்றுப்போன மாதிரி இருந்தது.

அடுத்த காற்றில் இரண்டு கால்களும் எழும்பின. மனைவியின் செருப்பும் தரையை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஒரு கையைப் பிடுங்கிச் சிவப்புப் பிடியைத் தள்ளினேன்.

தடுப்புக்கு அப்பால் பொத்தென்று ஒரு சத்தம். நாங்கள் இருவரும் நாணலுக்குள் விழுந்தோம். பிறகு தாதா, துக்கம் விசாரிக்கும் குரலில், மெதுவாகச் சொன்னார்: "போகாட்டா."

பட்டம் அடங்கிவிட்டது. என் இடது கை மட்டும் கைப்பிடியை இன்னும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.