பூட்டிக்கொண்ட தாடையை ஆண்டவர் திறந்த விதம்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசையில் நற்கருணை வாங்கப் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஒரு சுட்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் பற்கள் விலகின. பாதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அப்பத்தை உடைத்து, சின்னத் துண்டு ஒன்றை என் உதட்டுக்குள் வைத்தார். நான் திரும்பி வந்து வாங்குப் பலகையில் இருந்து அழுதேன். அழும்போதும் தாடை நொந்தது.

என் பெயர் ஜெசிந்தா. உப்புவெளியில் இருக்கிறேன். வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறேன். என் கணவர் சூசைதாசன் கடல் தொழில் செய்பவர். இந்தச் செபக்குழுவில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் போன வருடம் எனக்கு நடந்ததை நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வாய் இல்லை என்பதுதான் முதல் காரணம். இப்போது இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

ஆனி மாதம் அளவில் அது தொடங்கியது. சோறு மெல்லும்போது இடது காதுக்குப் பக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு காது குத்தியது. பார்மசியில் காதுக்குத் துளிமருந்து வாங்கி விட்டேன். பிறகு அந்தப் பக்கத்துப் பல் வலிப்பது போல இருந்தது. பல்லுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் பார்த்த தனியார் பல் வைத்தியர் சொன்னார். நான் கேட்கவில்லை. "இல்லை, இதுதான். இதைப் பிடுங்குங்கோ" என்று நின்று பிடுங்குவித்தேன். நல்ல பல் போனது. வலி போகவில்லை. காலையில் எழும்பும்போது கன்னம் இரண்டும் கல்லுப்போல இருக்கும், நெற்றிப்பொட்டு இடிக்கும். கார்த்திகை தொடக்கத்தில் ஒரு நாள் கொட்டாவி விட்டேன். பாதியில் தாடை பூட்டிக்கொண்டது. அதோடு 'கடக்' சத்தமும் நின்றது, வாய் திறப்பதும் நின்றது.

எனக்கு வலியைவிடப் பெரிய துன்பம் வேறு ஒன்று. என் கணவருக்குக் காது கேட்காது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து, உயிர் தப்பியது, காது போய்விட்டது. அவர் பேசுவார். ஆனால் மற்றவர்கள் பேசுவதை என் வாயைப் பார்த்துத்தான் அறிவார். மற்றவர்களின் உதடு அவருக்கு அவ்வளவு பிடிபடாது. என்னுடையது பிடிபடும். நான் வாயை நன்றாகத் திறந்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லப் பழகியிருந்தேன். எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். அவர் மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். தன் பெயரையும் வள்ளத்தின் இலக்கத்தையும்தான் வாசிப்பார்.

என் தாடை பூட்டியபோது அவருக்கு இரண்டாம் தடவையும் காது போனது போல. முதல் நாள்கள் என் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டார். சாப்பிட்டு விட்டு எழுந்து போய்விடுவார். கடலில் என்ன நடந்தது, வலையில் என்ன பட்டது என்று ஒரு கதையும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரும் தனியாக.

அந்த ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை. இரண்டு நாள் கடல் அமைதியாக இருந்தது. விடிந்ததும் அவர் கரைக்குப் போய்விட்டார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு இருக்கும்போது வானொலியில் சொன்னார்கள், கிழக்குக் கடலில் பலத்த காற்று, சிறு வள்ளங்கள் இறங்க வேண்டாம் என்று. கேத்திலை வைத்துவிட்டு ஓடினேன். அவர் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளி ஏறிவிட்டார், என்ஜினும் ஓடுகிறது. கரையில் வேறு ஒருவரும் இல்லை. நான் இரண்டு கையையும் வீசிக் கத்தினேன்.

"போகாதேங்கோ! போகாதேங்கோ!"

அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். கையைக் காட்டினார்.

"ஓம், ஓம். போயிட்டு வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்.

'போயிட்டு வாங்கோ' என்று நான் சொன்னதாக அவர் வாசித்தார். உதடு குவிந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. மிச்சச் சொல் என் பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். அவர் திரும்பவே இல்லை.

ஒன்பது மணிக்குக் காற்று தொடங்கியது. அவருடைய தம்பி வந்து கடலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இதுக்குள்ள வள்ளம் இறக்க ஏலாது அண்ணி. இறக்கக்கண்டிப் பக்கம் பெரிய போட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறன். நீங்கள் வீட்ட போங்கோ."

வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன் முழந்தாள் போட்டேன். செபமாலையை எடுத்தேன். ஒரு மந்திரமும் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் என் சொந்த வார்த்தையில் சொன்னேன்: "ஆண்டவரே, பன்னிரண்டு வருடமாக அவருடைய காதைத் திறவும் என்று கேட்டேன். இனி அதைக் கேட்க மாட்டேன். அவரைக் கரைக்குக் கொண்டு வாரும். என் வாயைத் திறவும். இந்த இரண்டும் போதும்." அது மரியாதையான செபம் இல்லை. கோபத்தில் சொன்னேன்.

பின்னேரம் மூன்றரை மணிக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டதாம். இறக்கக்கண்டிப் போட் ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. வலை போய்விட்டது. அவர் நனைந்து நடுங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று கேட்டார்:

"காலம நீ என்ன சொன்னனி?"

நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அவருக்கு விளங்கியது. அன்றைக்குத்தான் அவர் அழுவதை நான் பார்த்தேன்.

என் முதல் விண்ணப்பம் அன்றே கேட்கப்பட்டது. இரண்டாவதற்கு நாள் எடுத்தது.

எனக்குப் பயம் என்னவென்றால் ஒப்பரேஷன். தாடையை வெட்டித் திறக்க வேண்டிவரும், கொழும்புக்குத்தான் போக வேண்டும், முகம் கோணிவிடும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால்தான் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை கிண்ணியாவில் இருந்து றமீஸா ராத்தா வந்தார். பல வருடமாக என்னிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கும் முஸ்லிம் அக்கா. மகளின் கலியாணச் சட்டையை எடுக்க வந்தவர், நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருப்பதைக் கண்டு விட்டார்.

"என்ன தங்கச்சி, வாய் திறக்க ஏலாமலா?"

தலையசைத்தேன்.

"என்ட மருமகளுக்கும் இப்படித்தான் வந்த. வெட்டவும் இல்ல, கொத்தவும் இல்ல. பெரியாஸ்பத்திரியில பல்லு கிளினிக்கில ஒரு டொக்டர் பிள்ளை இருக்கிறா. திங்கக்கிழம நானே வந்து கூட்டிப் போறன். நீங்க மாதாக்கிட்டக் கேளுங்க. நானும் துஆக் கேக்கிறன்."

சொன்னபடியே முதல் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து நின்றார். என் செபத்துக்கு யார் யார் மூலம் பதில் வரும் என்று நான் எதிர்பார்த்த பட்டியலில் ராத்தா இல்லை. ஆண்டவருக்கு என் பட்டியல் தேவைப்படவில்லை.

டொக்டர் வயது குறைந்தவர். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து, திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். சின்ன அடிமட்டத்தால் அளந்தார். பதினெட்டு மில்லிமீற்றர். பிறகு கேள்வி கேட்டார். நான் பல்லுக்குள்ளால் பதில் சொன்னேன்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"தையல்."

"நூலைப் பல்லால கடிக்கிறனீங்களா?"

"ஓம். ஊசியும் பல்லுக்குள்ளதான் வைக்கிறனான்."

"இப்ப, இந்த நிமிசம், உங்கட மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டிக்கொண்டு நிக்குதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். முட்டிக்கொண்டுதான் நின்றன. இறுக்கமாக.

"எவ்வளவு காலமா இப்படிக் கடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்? வீட்டில என்ன கவலை?"

அந்தக் கேள்விக்கு நான் உடைந்து போனேன். பன்னிரண்டு வருடம், அவர் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும், அவர் திரும்பும் வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தைத்திருக்கிறேன். நித்திரையிலும் கடித்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

தாடை மூட்டுக்குள் இருக்கும் சின்ன மெத்தை போன்ற சவ்வு இடம் விலகி முன்னால் சிக்கியிருக்கிறது, அதைச் சுற்றி இருக்கும் தசையும் இறுகிப் போயிருக்கிறது என்று அவர் படம் வரைந்து காட்டினார். "இதுக்குக் கத்தி வேண்டாம். ஆனா நீங்கள்தான் வேலை செய்ய வேணும். முழுக்கப் பழையபடி வரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்" என்றார்.

சொன்னதெல்லாம் சின்ன விஷயங்கள். ஆறு கிழமைக்கு மெதுவான சாப்பாடு. கஞ்சி, பருப்பு, மசித்த கிழங்கு. இறைச்சி, முறுக்கு, வெற்றிலை ஒன்றும் ஆகாது. சுடுதண்ணீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு கண்ணாடிக்கு முன் இருந்து, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, தாடை கோணாமல் மெல்லத் திறந்து மூட வேண்டும். கொஞ்ச நாளைக்குத் தசை தளர விழுங்க ஒரு குளிசை. என் பல்லுக்கு அச்செடுத்து, கண்ணாடி போன்ற ஒரு தகடு செய்து தந்தார்கள், படுக்கும்போது போட. இனி நூலுக்குக் கத்தரிக்கோல். எல்லாவற்றிலும் கஷ்டமானது, பகலில் உதடு மூடியிருக்கலாம், பல் முட்டக்கூடாது என்பது.

அதை மறக்காமல் இருக்க மெஷினின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். அது கண்ணில் படும்போதெல்லாம் 'இயேசுவே' என்று மனதுக்குள் சொல்லித் தாடையை விட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று தெரியாது. அதுதான் அந்த மாதங்களில் என் செபம். முழந்தாள் போட்டுச் செய்ததைவிட மெஷினில் இருந்து செய்ததுதான் அதிகம்.

மூன்றாவது கிழமை வலி கூடியது. தகடு போட்டால் எச்சில் ஊறியது, நித்திரை வரவில்லை. அந்த நேரம்தான் எங்கள் குழுவில் ஒரு அக்கா கேட்டார், பெயர் சொல்ல மாட்டேன், அன்பினால்தான் கேட்டார்: "விசுவாசம் இருந்தா உனக்கேன் தகடு?" வீட்டுக்கு வந்து தகட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நான்கு நாள் போடவில்லை. நான்காம் நாள் கன்னம் மறுபடி கல்லானது. அன்று மாதா படத்துக்கு முன் இருந்து யோசித்தேன். நான் வாயைத் திறவும் என்றுதான் கேட்டேன். இப்படித் திறவும் என்று கேட்கவில்லை. வழியை அவர் காட்டிய பிறகு, அந்த வழி சிறியதாக இருக்கிறது என்று நான் முகம் சுளிக்கிறேன். அலுமாரியைத் திறந்து தகட்டை எடுத்துக் கழுவிப் போட்டேன்.

தை முடிய இருபத்தைந்து மில்லிமீற்றர். தவக்காலம் தொடங்க முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் டொக்டர் அளந்து கொப்பியில் எழுதும்போது நான் மூச்சுவிடாமல் இருப்பேன்.

தவக்காலத்தின் நடுவில் ஒரு காலை. என் கணவர் புது வலையை முற்றத்தில் விரித்து, சேற்றுக் காலோடு நான் வெட்டி வைத்திருந்த துணியின்மேல் நடந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. யோசிக்காமல் வாயைத் திறந்து ஏசினேன்.

"கண்ணும் தெரியாதோ உங்களுக்கு? நாளைக்குக் குடுக்கிற சட்டையெல்லோ அது!"

அவர் அப்படியே நின்றார். காலைத் தூக்கினார். பிறகு பெரிய சத்தமாகச் சிரித்தார்.

"நாளைக்குக் குடுக்கிற சட்டையா? முழுக்க விளங்கினது! இன்னொருக்கா ஏசு பாப்பம்!"

நான் ஏச முடியாமல் துணியின்மேலேயே இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து இருந்து, இத்தனை மாதத்துக் கதையையும் கேட்டார். காற்று அடித்த அன்று கடலில் தான் என்ன நினைத்தார் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அது எங்களுடையது.

இப்போது முப்பத்தெட்டு மில்லிமீற்றர் திறக்கிறது. கடினமானதைக் கடித்தால் இன்னும் நோகும். தகடு இன்னும் போடுகிறேன். அவருக்குக் காது கேட்கவில்லை, கேட்காது. ஆனால் கடலுக்குப் போகுமுன் அவர் என்னோடு வாசலில் நின்று முகம் பார்த்துக் கதைத்துவிட்டுத்தான் போகிறார். போன பிறகு நான் பல்லைக் கடிப்பதில்லை. பயம் வரும். வந்தால் வாயைத் திறந்து, சத்தமாக, அதை ஆண்டவரிடம் சொல்கிறேன். அயல் வீட்டுக்காரர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி. றமீஸா ராத்தாவுக்கும், அந்த டொக்டருக்கும், முன்பின் தெரியாத அந்தப் போட்டுக்காரருக்கும் நன்றி. அவர்கள் எல்லோரும் என் செபத்துக்குள் இருந்தவர்கள்தான்.

உங்களில் யாருக்காவது காலையில் கன்னம் இறுகி, காது குத்தி, வாய் திறக்கச் சிரமமாக இருந்தால், என்னைப்போல நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் இருந்து அழ வேண்டாம். வெட்டுவார்கள் என்று பயந்து ஒளிக்கவும் வேண்டாம். செபியுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். போன மாதம் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்த ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களோடும் வருவேன். அங்கே வரிசையில் நிற்க நேரம் நிறைய இருக்கும். அந்த நேரம் இருவருமாகச் செபிப்போம்.